ரெஜினாவின் குரலும் என் இருமலும்

போன மாதம் எங்கள் பழைய ஆபீஸில் ஒருவருக்குப் பிரிவுபசார விழா. சமோசாவுக்காகப் போயிருந்தேன். மேஜைமேல் கிடந்த என் கைப்பேசி திடீரென்று ஒளிர்ந்தது. பக்கத்தில் இருந்த, புதிதாக வேலையில் சேர்ந்த பெண் எட்டிப் பார்த்தாள்.

"அங்கிள், அப்டேட் வந்திருக்கு. 'இப்போது'ன்னு இருக்கு, அழுத்திடட்டுமா?"

நான் போட்ட கூச்சலில் விழா நாயகர் மாலையோடு எழுந்து வாசல் பக்கம் போய்விட்டார். நிலநடுக்கம் என்று நினைத்தாராம். அந்தமானில் யாராவது கத்தினால் முதலில் அப்படித்தான் நினைப்போம்.

"தொடாதம்மா. 'பின்னர்'னு பக்கத்துல இன்னொண்ணு இருக்கும், அதை அழுத்து."

"ஏன் அங்கிள் இவ்வளவு பயம்? பாம்பா அது?"

"பாம்புக்கு மருந்து இருக்கு" என்றேன்.

அவள் விடவில்லை. அப்படி என்னதான் நடந்தது, எழுதிக் கொடுங்கள், ஊழியர் சங்க மலரில் போடலாம் என்றாள். எழுதுகிறேன். போர்ட் பிளேயருக்கு இப்போது வேறு பெயர் வைத்துவிட்டார்கள். நான் போர்ட் பிளேயர் என்றே எழுதுவேன். என் வாய்க்கு இன்னும் அப்டேட் வரவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் பயந்தவன். இதை அடக்கத்தினால் சொல்லவில்லை, என்னோடு வேலை பார்த்த யாரையும் கேட்கலாம். கடல் என்றால் பயம், தீவில் பிறந்தவனுக்கு அது கொஞ்சம் அசௌகரியம். அப்பா ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்து, பாலத்துக்கு அந்தப் பக்கம் சாத்தம் தீவில் மரம் அறுக்கும் ஆலையில் வேலை பார்த்தார். என்னையும் அங்கே சேர்க்கக் கூட்டிப் போனார். ரம்பம் போட்ட முதல் சத்தத்திலேயே நான் பாலத்தைத் தாண்டிவிட்டேன். அப்புறம் பரீட்சை எழுதி, நுகர்வோர் ஆணையத்தில் எழுத்தராகச் சேர்ந்தேன். ரம்பம் இல்லாத ஆபீஸ் என்பதைத் தவிர அதைப் பற்றி வேறொன்றும் எனக்குத் தெரியாது. பயிற்சி என்று யாரும் தரவில்லை. என் மேஜையைக் காட்டினார்கள், மின்விசிறி சுற்றாது என்றார்கள், முடிந்தது பயிற்சி.

எனக்கு இரண்டு வேலைகள். தமிழ் மட்டும் தெரிந்த மனுதாரர் வந்தால் அவர் சொல்வதைத் தலைவருக்கு ஹிந்தியில் சொல்வது ஒன்று. சீல் வைப்பது மற்றொன்று. யாராவது மிக்ஸி பழுது, குக்கர் பழுது என்று புகார் கொடுத்து, விற்றவர் மறுத்தால், பொருளைப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்ப வேண்டும். கூடம் மெயின்லேண்டில், கடலுக்கு அந்தப் பக்கம். பொருளை வெள்ளைத் துணியில் போட்டு மூட்டையாகத் தைத்து, நூல் முடிச்சின்மேல் அரக்கைக் காய்ச்சி ஊற்றி, அது இறுகுவதற்குள் பித்தளை முத்திரையை அழுத்தி எடுக்க வேண்டும். கொஞ்சம் முந்தினால் முத்திரை ஒட்டிக்கொள்ளும், கொஞ்சம் பிந்தினால் பதியாது. இரண்டு தரப்பும் அதைப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அதன் பிறகு அந்தப் பொருளை உடைமைக்காரரும் தொடக் கூடாது, நானும் தொடக் கூடாது. கப்பலேறிப் போகும். எப்போது திரும்பும் என்று கேட்பவர்களிடம் நான் கடலைக் காட்டுவேன். முதல் சீலில் நான் பதித்தது என் கட்டை விரல். ஒரு டேபிள் ஃபேனின்மேல் என் ரேகையோடு அது மெயின்லேண்ட் போய் வந்தது.

வெளியூர்க்காரர்கள் இதைப் படிக்கக்கூடும், அதனால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். கடலடிக் கேபிள் வருவதற்கு முன் எங்கள் தீவுகளில் நெட் என்பது சாட்டிலைட்டிலிருந்து சொட்டுச் சொட்டாக இறங்கும் பொருள். ஒரு போட்டோவை அனுப்பிவிட்டுப் போய் டீ குடித்து, முகச்சவரமும் செய்துகொண்டு வந்தால் பாதி போயிருக்கும். ஆகவே புதுக் கம்ப்யூட்டர் வாங்கினால் முதல் வேலை அது தானாக அப்டேட் ஆவதை நிறுத்துவது. பிறந்த குழந்தைக்குத் தடுப்பூசி போடுவதைப் போல எல்லா வீட்டிலும் அதைச் செய்தோம். பாட்டும் சினிமாவும் பென் டிரைவில் கப்பலேறி வரும். யாரிடமாவது நல்ல நெட் இருந்தால் அவர் அதைப் பூட்டி வைப்பது அநாகரிகம். வந்தவருக்கு முதலில் தண்ணீர், அடுத்து நெட். கேபிள் வந்ததும் இந்த உபசாரம் குறையும் என்று நினைத்தேன். கூடிவிட்டது. "போன குடுங்க, நெட் போட்டுத் தரேன்" என்று வாங்கி, அவர்களே போட்டுக் கொடுத்துவிடுவார்கள். அன்பு.

எங்கள் தலைவர் ஓய்வு பெற்ற ஜட்ஜ், தெலுங்குக் குடும்பத்தில் தீவிலேயே பிறந்து வளர்ந்தவர். எல்லோரும் மேடம் என்போம். குரலை உயர்த்த மாட்டார். உயர்த்தினால் பரவாயில்லை, நமக்கும் பழகியிருக்கும். சரியான பதில் வராத கேள்வி ஒன்றைக் கேட்கப் போகிறார் என்றால் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைப்பார். முதலில் இடது வில்லை, பிறகு வலது. வலது வில்லை முடியும்போது எதிர் வக்கீல்கள் தண்ணீர் குடிப்பார்கள். எனக்கோ பயம் வந்தால் இருமல் வரும். வியாதி இல்லை, எத்தனையோ டாக்டர்கள் பார்த்துவிட்டார்கள். மேடம் கண்ணாடியைக் கழற்றியதும் என் தொண்டையில் 'க்கும்' என்று ஆரம்பிக்கும். "முருகேசன்ஜி, கேள்வி உங்களுக்கு இல்லை" என்பார்.

அவருக்கு இன்னொரு வழக்கம் உண்டு. எத்தனை பக்கப் புகாராக இருந்தாலும் விசாரணையில் மனுதாரரிடம், "ஏக் லைன் மே போலியே" என்பார். ஒரே வரியில் சொல்லுங்கள். ஒரு வரியில் சொல்ல முடியாத குறை இன்னும் யோசித்து முடிக்காத குறை என்பது அவர் கட்சி. வக்கீல் சொல்லக் கூடாது, பட்டவர்தான் சொல்ல வேண்டும்.

ரெஜினாவின் புகாரை நான் ஜன்னலில் வாங்கியபோது எனக்கு உதறல் எடுத்தது அந்த ஒரு வரியை நினைத்துத்தான்.

ரெஜினா தெற்கே வேறொரு தீவில், ஹட் பேயில் மீன் ஏலம் விடுபவள். தூத்துக்குடிக் கரையிலிருந்து வந்த குடும்பம், புருஷன் சூசைக்குப் படகு. தொண்டையில் கட்டி வந்து, மெயின்லேண்ட் ஆஸ்பத்திரியில் குரல்வளையை எடுத்துவிட்டார்கள். எடுப்பதற்கு முன் நர்ஸாக இருக்கும் அவள் மகள் ஸ்டெல்லா ஒரு செயலியைக் கண்டுபிடித்து வாங்கினாள். ஒரு தடவை விலை கொடுத்தால் ஆயுளுக்கும் சொந்தம் என்று போட்டிருந்தது. ரெஜினா கட்டிலில் உட்கார்ந்து தனக்கு வேண்டிய வார்த்தைகளையெல்லாம் சொந்தக் குரலில் பேசிப் பதிந்தாள். பிறகு கட்டம் கட்டமாகத் தன் கைக்கு ஏற்ப அடுக்கினாள். மேலே மீன் பெயர்கள், அதன் கீழே விலைகள், ஓரத்தில் வசவுகள். கட்டத்தைத் தொட்டால் அவள் குரல் பேசும். டைப் அடித்தால் பதிந்த வார்த்தைகளைக் கோத்துக் கொஞ்சம் தடுக்கித் தடுக்கிப் பேசும். டேப்லெட் என்கிற டேபிலும் போனிலும் ஒரே குரல்.

இதெல்லாம் தெரியாமல் நான் ஜன்னலில் குனிந்து எழுதிக்கொண்டிருந்தேன்.

"அண்ணே, கும்பிடுதேன்."

உப்புக்காற்றில் உரசிய குரல். நிமிர்ந்து, பேசியது யார் என்று தேடினேன். கழுத்தில் துணி சுற்றிய அம்மாள் ஒருத்தி டேபை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"இவதான் பேசுதா, பொட்டிக்குள்ள இருந்து" என்றார் கூட வந்த சூசை. "முன்ன எவ்வளவு பேசுவாளோ அதே அளவுதான். ஆபரேஷன்ல எனக்கு ஒரு லாபமும் இல்ல."

ரெஜினா ஓரத்துக் கட்டம் ஒன்றைத் தொட்டாள். "ஏல, சும்மா கெட."

பிறகு போனை எடுத்து, அதில் அதே இடத்தில் இருந்த கட்டத்தைத் தொட்டாள். "தயவுசெய்து அமைதியாக இருங்கள்" என்றது வேறொரு பெண் குரல். வங்கியில் காத்திருக்கச் சொல்லும் குரல்.

நடந்தது இதுதான். அதற்கு முன் ஒரு தடவை செக்கப்புக்காகப் போர்ட் பிளேயர் வந்து லாட்ஜில் தங்கியிருக்கிறார்கள். லாட்ஜ்காரர் அன்பாகப் போனுக்கு நெட் போட்டுக் கொடுத்திருக்கிறார். காலையில் எழுந்தால் செயலி புதிய பதிப்பாக மாறியிருந்தது. ரெஜினாவின் குரல் அதில் இல்லை. புதுக் குரல், புது அடுக்கு. போதாததற்கு, எழுதியிருப்பதை நாகரிகமாக்கிப் பேசும் வசதி வேறு. அதை நிறுத்தும் வழி அமைப்புகளில் எங்கும் இல்லை. சொந்தக் குரல் வைத்துக்கொள்ளும் வசதி மாதாமாதம் கட்டணம் கட்டுபவர்களுக்கு மட்டும். சரி, கட்டித் தொலைக்கிறோம் என்று கேட்டதற்கு, பழைய பதிவுகள் புதியதில் ஏறாது, எங்களிடமும் அவை இல்லை, திரும்பப் பேசிப் பதியுங்கள் என்று பதில் வந்தது. குரல்வளை இல்லாதவளுக்கு.

"படகு ஜெட்டியில இந்தப் போன வச்சு ஏலம் வுட்டுப் பாத்தா" என்றார் சூசை. "'மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களே, சீலா மீன் உள்ளது'ங்கு. ஒரு பயலும் விலை ஏத்தல. கைகட்டிக் கேட்டுட்டு நிக்கானுவ."

நல்லவேளையாக டேப் அந்தத் தடவை ஹட் பேயில் இருந்தது. அதில் மட்டும் பழைய பதிப்பு. நெட் பட்டால் அதுவும் போய்விடும் என்று ஃபிளைட் மோடில் போட்டே வைத்திருந்தார்கள். குரலை அதிலிருந்து வெளியே எடுக்கலாமென்றால் உள்ளே போடத்தான் வழி வைத்திருந்தார்கள், வெளியே எடுக்க இல்லை. உலகத்தில் ரெஜினாவின் குரல் இருந்த ஒரே இடம் அந்தப் பழைய டேப். அதன் பேட்டரியும் செத்துப்போனது. சார்ஜர் கம்பியில் இருந்தால் உயிர், கம்பியை எடுத்தால் கொஞ்ச நேரம்.

மனுவை வாங்கி முத்திரை குத்தும்போது எனக்கு இருமல் வந்தது.

விசாரணை நாளில் கம்பெனியின் வக்கீல் மெயின்லேண்டிலிருந்து திரையில் வந்தார். மரியாதையான மனிதர். "மனுதாரர் நிபந்தனைகளை ஏற்று அழுத்தியிருக்கிறார். புதியதில் உச்சரிப்பு தெளிவு, பாதுகாப்பு அதிகம். அவருக்குப் பழையது பிடித்திருக்கிறது, அவ்வளவுதான். பிடித்தம் வேறு, உரிமை வேறு. பழுது எங்கே இருக்கிறது?" என்றார். பழைய பதிப்பு டேபில் இருந்ததா என்றே எங்களுக்குத் தெரியாது, ஆகவே அதைச் சீல் வைத்துப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும் என்று ஒரு மனுவும் போட்டார். சட்டப்படி கேட்கக்கூடியதுதான்.

மேடம் என்னைப் பார்த்தார். "முருகேசன்ஜி, அரக்கு இருக்கா?"

இழுப்பறையைத் திறந்து அரக்குக் குச்சியை எடுத்தேன். ரெஜினா அதைப் பார்த்தாள். அவளுக்கு ஹிந்தி நன்றாகத் தெரியும். டேபை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு நாற்காலியோடு பின்னால் நகர்ந்தாள். வெள்ளைத் துணியில் போட்டு நான் தைக்கப்போவது அவள் தொண்டையை. கப்பலில் போகும், யாரோ ஒருவர் பிரித்து நெட்டில் மாட்டுவார். எத்தனையோ மிக்ஸிகளைத் தைத்த என் கை அன்று ஊசியில் நூல் கோக்க மறுத்தது.

"மதியத்துக்கு மேல் உத்தரவு சொல்கிறேன்" என்று மேடம் எழுந்தார்.

அந்த இடைவேளையில்தான் அது நடந்தது.

எங்கள் கடைநிலை ஊழியர் மொண்டல், மாயாபந்தர் பக்கத்து பெங்காலிக் குடும்பம். அவரைவிட நல்லவரை நான் பார்த்ததில்லை, பார்க்கவும் பயமாக இருக்கிறது. ரெஜினா வராந்தா ப்ளக்கில் டேபைச் சார்ஜில் போட்டு, பார்த்துக்கொள்ளும்படி அவரிடம் கையைக் காட்டிவிட்டு, சோற்றுக் கை கழுவப் போயிருக்கிறாள். ஊமையான ஒரு பெண், தூரத்துத் தீவிலிருந்து வந்தவள், நம் ஆபீஸுக்கு வந்து இத்தனை நேரம் நெட் இல்லாமல் உட்கார்ந்திருக்கிறாளே என்று மொண்டலின் மனம் தாங்கவில்லை. ஃபிளைட் மோடை எடுத்துவிட்டு ஆபீஸ் நெட்டைப் போட்டுவிட்டார்.

நான் சாப்பாட்டு டப்பாவோடு அறையிலிருந்து வெளியே வந்தபோது ரெஜினா ஈரக்கையோடு டேபைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வாய் முழுக்கத் திறந்திருந்தது. சத்தம் இல்லை. சத்தம் இருந்த பெட்டி மொண்டலின் கையில் இருந்தது. அவரோ அதை அவளிடம் நீட்டி, "தீதி, நெட் தே தியா", அக்காவுக்கு நெட் போட்டுக் கொடுத்தாச்சு என்று சிரித்துக்கொண்டிருந்தார். அவள் தன் எவர்சில்வர் டிபன் கேரியரைத் தூக்கித் தரையில் ஓங்கி அடித்தாள். இன்னொரு தடவை. இன்னொரு தடவை.

திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது.

நெட் தரும் பெட்டி என் மேஜைக்குக் கீழே இருந்தது. அதன் கம்பி எது என்று நிதானமாகப் பார்ப்பவன் வேறு ஆள். நான் தரையில் விழுந்து கைக்குச் சிக்கிய எல்லாக் கம்பிகளையும் இழுத்தேன். பிரிண்டர் போனது, மேடத்தின் கம்ப்யூட்டர் போனது, திரையில் சாண்ட்விச் தின்றுகொண்டிருந்த வக்கீல் போனார். கடைசியில் நெட்டும் போனது. கேபிள் வந்ததிலிருந்து எங்கள் ஆபீஸ் நெட் வேகம். வட்டம் நின்றிருந்தது, வேலையை முடித்துவிட்டு.

'புதிய பதிப்பு தயார்' என்று இருந்தது. கீழே இரண்டு பொத்தான்கள். 'இப்போது', 'பின்னர்'. மூன்றாவது பொத்தான் இருக்கிறதா என்று நான் டேபைத் திருப்பிக்கூடப் பார்த்தேன். 'வேண்டாம்' என்று எங்கும் இல்லை. ரெஜினா விரல் நுனியால் 'பின்னர்' தொட்டாள். அதற்கும் கீழே எறும்பு எழுத்தில் ஒரு வரி. செயலி மூடப்பட்டதும் புதிய பதிப்பு தானாக நிறுவப்படும்.

டேபைத் திரும்ப ஃபிளைட் மோடில் போட்டேன், இனி அதனால் பயனில்லை என்று தெரிந்தே. செயலி மூடக் கூடாது. அதாவது டேப் அணையக் கூடாது. அதாவது கம்பியை எடுக்கக் கூடாது. வராந்தா ப்ளக் அந்த நேரம் பார்த்து பொறியைக் கக்கியது.

மேடத்திடம் போய் நின்றேன். சொல்ல ஆரம்பித்தால் இருமல்தான் வருகிறது. மொண்டல் அழுதுகொண்டே சொன்னார். மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இடது, வலது.

"எந்த ப்ளக் நன்றாக வேலை செய்கிறது?"

"உங்க மேஜைக்குக் கீழ இருக்கிறது மட்டும்தான் மேடம்."

ஆகவே மதியம் விசாரணை தொடங்கியபோது ரெஜினா மேடத்தின் நாற்காலிக்குப் பக்கத்தில், மேடைமேல் உட்கார்ந்திருந்தாள். கம்பிகளை மாட்டித் திரும்பத் திரைக்கு வரவழைத்த வக்கீல் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "மன்னிக்கவும், மனுதாரர் நீதிபதிக்குப் பக்கத்திலா உட்கார்ந்திருக்கிறார்?"

"மின்சாரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்" என்றார் மேடம். பிறகு ரெஜினா பக்கம் திரும்பி மெதுவாக, "ஏக் லைன் மே போலியே" என்றார்.

ரெஜினா தட்ட ஆரம்பித்தாள். ஒவ்வொரு எழுத்தாக. அந்தச் செயலி நடுவில் நின்றுபோனால் என்ன ஆகும் என்று நான் நினைத்துக்கொண்டே நின்றேன். தகரக் கூரையில் மழை பிடித்தது. அவள் விரலை எடுத்தாள். டேப் பேசியது.

"நான் ஒனக்குச் சீலா மீன் வித்து, நீ கொழம்பு வச்சு எறக்குன பொறவு, நான் ஒன் வீட்டுக்குள்ள வந்து சட்டியில கைய வுட்டு அத எடுத்துக்கிட்டு, இது அதவிட நல்லதுன்னு வேற மீனப் போட்டுட்டுப் போனா, நீ சும்மா இருப்பியா?"

மொழிபெயர்ப்பது என் வேலை. வழக்கமாக மேடத்துக்குச் சொல்லும்போது மரியாதை சேர்த்துத்தான் சொல்வேன். அன்று பயத்தில் அவள் சொன்னது சொன்னபடி வந்துவிட்டது. 'நீ சும்மா இருப்பியா' என்று மேடத்தைப் பார்த்து, ஒருமையில், ஹிந்தியில் கேட்டுவிட்டு நின்றேன். மொண்டல் கண்ணை மூடிக்கொண்டார்.

மேடம் என்னைப் பார்த்தார். "நஹீன் ரஹூங்கீ" என்றார். சும்மா இருக்க மாட்டேன்.

பிறகு உத்தரவைச் சொல்ல ஆரம்பித்தார். டேபைச் சீல் வைப்பதற்கில்லை, நிபுணர் இங்கே வந்து, மனுதாரர் கையில் இருக்கும்போதே, நெட் இல்லாமல் சோதிக்க வேண்டும் என்பது வரை வந்திருந்தார். மின்விசிறி நின்றது. திரை இருண்டது. மழைக்கு எங்கோ மரம் விழுந்து கரண்ட் போய்விட்டது. ஜெனரேட்டர் இருந்தது. அது கடைசியாக எப்போது ஓடியது என்பதுதான் யாருக்கும் தெரியாது.

டேபில் பேட்டரிக் குறி சிவப்பானது.

உத்தரவு கம்பெனிக்குக் கேட்கும். டேபுக்குக் கேட்காது. அந்த அறையில் எல்லோருக்கும் அது ஒரே சமயத்தில் புரிந்தது. சூசை எழுந்து நின்று, என்ன செய்வது என்று தெரியாமல் தலையில் துண்டை எடுத்துக் கட்டினார், பிறகு அவிழ்த்தார்.

"உள்ளே இருந்து எடுக்க முடியாது. சரி, வெளியே வரும் சத்தத்தைப் பிடிக்க முடியுமா?" என்றார் மேடம்.

என் போனில் ரெக்கார்டர் இருந்தது. எடுத்து டேபின் வாயருகே பிடித்தேன். மேடம் கையை உயர்த்தினார், அறை அடங்கியது. மழை மட்டும் அடங்கவில்லை. "எல்லாவற்றுக்கும் நேரம் இருக்காது. வேண்டியதை முதலில் பிடிக்கச் சொல்லுங்கள்" என்றார்.

அதை ரெஜினாவுக்கு நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. அவள் கட்டங்களைப் பார்த்தாள். வாழ்நாள் முழுக்கப் பேசியதில் எது வேண்டும், எது வேண்டாம். மீனில்தான் தொடங்குவாள் என்று நினைத்தேன், அது பிழைப்பு. அவள் விரல் கடைசி வரிசைக்குப் போனது.

"ஏளா ஸ்டெல்லா, சாப்பிட்டியா?"

அடுத்து, "ஏல சூசை." சூசை முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். அதற்கடுத்து அவருக்கான வசவுகள் எல்லாம், ஒன்று விடாமல், வரிசையாக. துண்டுக்குள்ளிருந்து, "இதெல்லாம் இப்ப வேணுமா" என்று ஒரு குரல் கேட்டது. அவள் "சும்மா கெட" கட்டத்தையும் தொட்டாள். அதுவும் பதிவானது. பிறகு மீன்கள் வந்தன. சீலா. 'க்கும்.' சூரை. பாறை. 'க்கும்.' வாயை எவ்வளவு பொத்தினாலும் என் இருமல் விரலிடுக்கில் வந்துகொண்டே இருந்தது. மொண்டல், "சாரி தீதி, சாரி" என்று முணுமுணுத்தார், அதுவும் ஊளி மீனுக்குப் பின்னால் ஏறிவிட்டது. விலைகள், ஒருதரம், ரெண்டுதரம், மூணுதரம்.

மாதா படம் போட்ட கட்டத்துக்கு வந்தபோது விரல் நின்றது. ஜெபம், நீளமானது. ரெஜினா மேலே ஒரு தடவை பார்த்தாள். கையை அசைத்து அதைத் தாண்டினாள். அங்கே சத்தம் தேவைப்படாது என்று நான் புரிந்துகொண்டேன். வேறு மாதிரி மொழிபெயர்க்க எனக்குத் தெரியவில்லை.

கடைசியில் தொட்டது ஒரு சிரிப்பு. ஆபரேஷனுக்கு முந்தின நாள் ஸ்டெல்லா ஏதோ சொல்லிச் சிரிக்கவைத்துப் பதிந்ததாம். ஏலத்தில் யாராவது அடிமாட்டு விலை கேட்டால் அதைத்தான் போடுவாளாம். பெரிய சிரிப்பு, தொடங்கி, மேலே ஏறி, உச்சிக்குப் போய்க்கொண்டிருந்தபோது திரை அணைந்தது.

நான் இருமினேன். போன் இன்னும் பதிந்துகொண்டுதான் இருந்தது.

அரைமணி போல ஆயிருக்கும், கரண்ட் வந்தது. மேஜைக்குக் கீழிருந்து உயிர் ஏறி டேப் தானாக விழித்தது. வணக்கம், உங்கள் புதிய குரலுக்கு நல்வரவு என்றது. என் சர்வீஸில் நான் கேட்ட சத்தங்களிலேயே அதற்குத்தான் நான் அதிகம் பயந்தேன். சாத்தம் ரம்பம் பக்கத்தில்கூட வராது. ரெஜினா அதைப் பேசி முடிக்கவிட்டாள். பிறகு எழுந்து, சுவரோரம் அழுதுகொண்டிருந்த மொண்டலிடம் போய், அவர் சட்டைப் பொத்தான் ஒன்று கழன்றிருந்ததைப் போட்டுவிட்டாள்.

நிபுணர் பிறகு வந்தார், பார்த்தார், பழைய பதிப்பின் தடம் இருக்கிறது, குரல் இல்லை என்றார். அதனால் என் போன் வழக்கின் சாட்சிப் பொருளானது. பிரதி எடுத்துக்கொண்ட பின், என் போனை நானே துணியில் தைத்து நானே அரக்கு வைத்தேன். அது திரும்பி வரும்வரை வீட்டிலிருந்து என்னை யாரும் அழைக்க முடியவில்லை. நீதிக்காக அந்தத் துன்பத்தையும் தாங்கிக்கொண்டேன்.

மேடம் எழுதிய இறுதி உத்தரவில் ஒரு பத்தி எனக்கு மனப்பாடம். விலை கொடுத்து வாங்கியவர் அதைத் தன் விருப்பப்படி அமைத்துக்கொண்ட பின், அந்த விருப்பமும் விற்ற பொருளின் பகுதிதான், கேட்காமல் அதை எடுப்பது விற்ற பொருளைத் திரும்ப எடுப்பதுதான் என்று சொல்லியிருந்தார். பழைய பதிப்பைத் திரும்பத் தர வேண்டும், இருக்கிற பதிவுகளை அதே அடுக்கில் கம்பெனியே ஏற்றித் தர வேண்டும், அப்டேட்டில் 'வேண்டாம்' என்று ஒரு பொத்தான் வைக்க வேண்டும். நிவாரணத் தொகையும் உண்டு. கம்பெனி மேல்முறையீடு போய்த் தோற்றது. போனதைத் தவிர மற்றதெல்லாம் கிடைத்தது.

ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள் துணிந்து ஹட் பே கப்பல் ஏறினேன். வழியெல்லாம் வாந்தி. ஜெட்டியில் இறங்கியபோது ஏலம் நடந்துகொண்டிருந்தது. கூட்டத்தின் பின்னால் நின்றேன். ரெஜினா டேபை இடுப்பில் அணைத்துக்கொண்டு நின்றாள், கழுத்தில் புதுத் துணி.

"சீலா." 'க்கும்.' "பாறை." 'க்கும்.'

பின்னால் தகரக் கூரை மழை. வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. பக்கத்தில் நின்றவரிடம், "அது என்னங்க நடுவுல இருமல்?" என்று கேட்டேன்.

"அதுவா, கவர்மெண்ட் இருமல்" என்றார் அவர். "கோர்ட்டுல குடுத்தது. அது கேட்டாத்தான் விலை கரெக்டுன்னு அர்த்தம்."

அப்போது முன்வரிசையில் ஒருவன் ஊளி மீனுக்கு அடிமாட்டு விலை கேட்டான். ரெஜினா ஒரு கட்டத்தைத் தொட்டாள். அந்தச் சிரிப்பு தொடங்கியது, மேலே ஏறியது, உச்சிக்குக் கொஞ்சம் கீழே அறுந்தது. ஒரு கணம் ஒன்றுமில்லை. பிறகு என் இருமல். எனக்கு அந்த மேஜை, அந்தச் சிவப்புக் குறி, இருண்ட திரை எல்லாம் திரும்ப வர, பக்கத்தில் நின்றவர் தோளைப் பிடித்துக்கொண்டேன். ஆனால் ஜெட்டியில் யாரும் தளரவில்லை. அறுந்த இடத்திலிருந்து கூட்டம் எடுத்துக்கொண்டது. கூடைக்காரிகளும் படகுக்காரர்களும் ஐஸ் உடைப்பவர்களும் வழக்கமாகச் செய்வதைப் போல மிச்சச் சிரிப்பைச் சிரித்து முடித்தார்கள். சூசையின் குரல்தான் அதில் பெரியது.

மூலப் பதிவு இன்னும் என் போனில் இருக்கிறது. பிரதிகள் இருக்கின்றன, ஸ்டெல்லா மூன்று இடத்தில் வைத்திருக்கிறாள், எனக்குத் தெரியும். இருந்தாலும் தினமும் அந்தத் திரை ஒளிரும்போது நான் எழுந்து உட்கார்ந்து, கண்ணாடி போட்டுக்கொண்டு, சரியான பொத்தானா என்று இரண்டு தடவை பார்த்து, 'பின்னர்' அழுத்திவிட்டுத்தான் மூச்சு விடுகிறேன். இந்தப் போனில் இன்னும் 'வேண்டாம்' வரவில்லை.